சீனி போடாத பன்

அடுப்படியில் குளிர்பெட்டியின் மேல் கையை விட்டுத் துழாவினாள் குமுதா. பன் டின்னைக் காணோம். விடிந்ததிலிருந்து அதை எடுத்துப் பின்பக்கக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிடத் துடித்துக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கட்டிக்கொண்டு அழுததில் அடுப்படிப் பக்கம் வரவே முடியவில்லை.

"அக்கா, இங்க ஒரு டின் இருந்துச்சே?"

பக்கத்து வீட்டுப் புனிதா தன் வீட்டில் போட்டுக் கொண்டுவந்த தேத்தண்ணீரைக் கப்புகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். "பன்னா? வெளிய கூடாரத்துல குடுத்துட்டேன்மா. அப்பாவ எடுக்கிற வரைக்கும் இங்க அடுப்பு மூட்ட முடியாது. டெங்கில்லேருந்துலாம் ஆளுங்க வந்திருக்காங்க, வெறும் தேத்தண்ணிய எப்படிக் குடுக்கிறது?"

குமுதா வாசல் பக்கம் திரும்பினாள்.

கூடத்தில் சவப்பெட்டிக்குள் கிடந்த அப்பா கார்த்திகேசு, போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர். குமுதா பள்ளி விட்டு வரும் நேரத்தில் ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிளை நிறுத்தித் தேங்காய் பன் வாங்குவார். பாதி அவளுக்கு, பாதி தனக்கு. இனிப்பு நீர் நோய் வந்ததும் பன் நின்றது. சிறுநீரகமும் கெட்டு ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகத் தொடங்கிய பிறகு மனிதர் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். அது குமுதாவுக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தான் குடியிருக்கும் செராஸிலிருந்து வந்தவள், போனில் பார்த்த வீடியோவின்படி ஆட்டா மாவு பிசைந்தாள். சீனிக்குப் பதிலாகக் கனிந்த வாழைப்பழமும் நறுக்கிய பேரீச்சம்பழமும். உள்ளே தேங்காய்ப்பூ. அப்பா ஒன்றைத் தின்றார், இன்னொன்றும் கேட்டு வாங்கித் தின்றார். "அதே ருசி லா," என்றார். அதே ருசி இல்லை, அது அவளுக்கே தெரியும். இருந்தாலும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் விடியற்காலை மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் போய்விட்டார். இளவயது டாக்டர் ஒருவர் அவளைத் தனியே கூப்பிட்டார். "ரெண்டு நாளா டயாலிசிஸ் இல்ல. பொட்டாசியம் ஏறி இதயம் நின்னிருக்கலாம். பிசாங், குர்மா, அந்த மாதிரி ஏதாவது நெறய சாப்பிட்டாரா?" வாழைப்பழத்தையும் பேரீச்சம்பழத்தையும்தான் மலாயில் கேட்டார்.

"தெரியல டாக்டர்," என்றாள். கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போனில் தேடினாள். இனிப்பு நீருக்கு நல்லது என்று அவள் பொறுக்கிப் பொறுக்கிப் போட்ட அத்தனையும் சிறுநீரகக்காரர்களுக்கு ஆகாது என்று போட்டிருந்தது. அந்தப் பட்டியலில் வாழைப்பழம்தான் முதலில் இருந்தது. நான்தான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததும், அண்ணன் லோகனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயமும் கூடவே வந்தது.

இப்போது டின்னைத் தேடி வாசலுக்கு ஓடினாள். கிரில் கதவுக்குள் நுழைந்துகொண்டிருந்தாள் தாமரை, அப்பா போய்வந்த சுத்திகரிப்பு நிலையத்தின் தாதி. கையில் பாதி கடித்த பன் இருந்தது.

"குமுதா, இது நீங்க செஞ்சதா?"

"ஆமா மிஸ்ஸி."

"சீனி இல்ல. பிசாங் போட்டிருக்கீங்க." இன்னும் கொஞ்சம் மென்றாள். "குர்மாவும்." சட்டென்று மெல்லுவதை நிறுத்தினாள். "அங்கிள் சாப்பிட்டாரா?"

மாலையைச் சரிசெய்துகொண்டிருந்த லோகன் திரும்பிப் பார்த்தான். குமுதா வாயைத் திறந்தாள்.

"அவரு வாயிலயே வைக்கல மிஸ்ஸி." பெட்டியருகில் உட்கார்ந்திருந்த அம்மா சீதாலெட்சுமிதான் சொன்னாள். காலையிலிருந்து அழுது கட்டிப்போயிருந்த குரல் இப்போது தெளிவாக வந்தது. "பேரப்பிள்ளைங்களுக்குன்னு செஞ்சது. அவரு கஞ்சிதான் குடிச்சாரு."

தாமரை அம்மாவைப் பார்த்தாள். பிறகு குமுதாவை ரொம்ப நேரம் பார்த்தாள். "சரிம்மா," என்றாள். மீதிப் பன்னை டிஷ்யூவில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். லோகன் மாலை பக்கம் திரும்பிக்கொண்டான்.

எதற்குக் கைப்பையில் வைத்தாள்? தேவாரம் பாடும்போதும், வாய்க்கரிசி போடும்போதும் குமுதாவுக்கு அதுவே ஓடியது. பெட்டியைத் தூக்கியபோது எல்லோரும் கதறினார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. தாமரை லோகனிடம் போய் ஏதாவது சொல்கிறாளா என்றே பார்த்துக்கொண்டு நின்றாள். தாமரை யாரிடமும் பேசாமல் காரில் ஏறிப் போனாள்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். அப்பாவின் தலைமாடு இருந்த இடத்தில் விளக்கேற்றி, ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தார்கள். புனிதா காலி டின்னைக் கொண்டுவந்து கொடுத்தாள். காலி இல்லை, அடியில் ஒரே ஒரு பன் மிஞ்சியிருந்தது.

அம்மா அடுப்படியில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். திருப்பத் திருப்பத் தீ பிடிக்கவில்லை. குமுதா வாங்கிப் பற்றவைத்தாள்.

"ஏம்மா பொய் சொன்னே?"

அம்மா அடுப்பையே பார்த்தாள். "பழம் வேணாம்னு மிஸ்ஸி எங்கிட்டதான் சொன்னிச்சு. போன மாசமே."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லியேம்மா."

"நீ ஆசையா செஞ்சிக்கிட்டு இருந்தே. அவரும் எவ்ளோ நாள் கழிச்சு வாயத் தொறந்து கேட்டாரு. ஒரு நாளைக்கு என்னா ஆவப்போவுதுன்னு..." அம்மா நிறுத்தினாள். "நீ தூங்கப் போனப்புறம் இன்னொண்ணு கேட்டாரு. நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

குமுதா அடுப்பின் தீயைக் குறைத்தாள்.

"லோகன்கிட்ட சொல்லிடாத குமுதா." அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இத்தனை வயதில் அம்மா பயந்து குமுதா பார்த்ததில்லை. குமுதா தலையாட்டினாள்.

அம்மா டின்னிலிருந்த பன்னை ஒரு சின்னத் தட்டில் எடுத்துக்கொண்டு போய் விளக்கருகில் உட்கார்ந்தாள். தட்டைத் தண்ணீர்க் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு தட்டை மடியில் எடுத்து, பன்னைப் பிட்டு, அவருக்கு ஆகாத பேரீச்சம்பழத் துண்டுகளை நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளியெடுத்துத் தன் முந்தானையில் போட்டுக்கொண்டாள்.