வளைவுக்குள் ஒரு சுவர்

“அந்த ‘ஆக்கிரமிப்பு’ங்கற வார்த்தைய எடுங்க சார்.”

கட்டடக்கலை அலுவலகத்தின் மேசைகளில் ஓடிக்கொண்டிருந்த பென்சில்கள் நின்றன. முதலாளி எழுதியதில் கை வைக்கச் சொல்லி மட்டும் கேட்டுவிடாதே என்று, வேலைக்குச் சேர்ந்த அன்றே மூத்த வரைவாளர் அக்கா அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

முதலாளி தலை நிமிரவில்லை. “எந்தப் பக்கம்?”

“கடைசி அத்தியாயம். கடற்கரைச் சாலைக் கிடங்கோட வளைவுகள பின்னாடி வந்தவங்க அடைச்சு வீடாக்கிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. அளந்தவ நான். சுவரோட செங்கல், தூணுக்குள்ள ஒண்ணுவிட்டு ஒண்ணு கடிச்சிட்டு நிக்குது. பின்னாடி கட்டினதுன்னா தூணை ஒட்டித்தான் நிக்கும். கடலத் தூர்த்து கிடங்கு கட்டினவனே மூட்டை தூக்கறவங்களுக்குக் கட்டின அறைங்க அது.”

“இருக்கட்டுமே. ஊரோட பழைய கட்டடங்களப் பத்திப் புத்தகம் கேட்டது மாநகராட்சி. அவங்களுக்கு வேண்டியது கடலப் பாத்த வளைவு. லுங்கி காயற சுவர் இல்ல.”

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அவளுக்கு உச்சந்தலை வரை சுட்டது.

“அந்த வீடுகள காலி பண்றதப் பத்தி திங்கக்கிழமை மாநகராட்சி நடத்தற விசாரணையில இந்த ஒரு வார்த்தைய வச்சே எல்லாரையும் தெருவுல தள்ளிடுவாங்க சார்.”

“உனக்கேன் எரியுது? உன் சொந்தக்காரங்களா?”

“எங்கப்பாவோட லுங்கிதான் சார் அங்க காயுது. நான் பொறந்ததும் அங்கதான்.”

சிரித்தவன் குனிந்துகொண்டான். முதலாளியின் குரலில் திடீரென்று வெண்ணெய் உருகியது. “மொதல்லயே சொல்றதுக்கென்னம்மா? உங்க குடும்பத்துல நீதான் மொத பட்டதாரி. ஏறி வந்தவ திரும்பிப் பாக்கக் கூடாது. அட்டையில என் பேருக்குப் பக்கத்துல உன் பேரப் போடறேன். உங்கப்பாவுக்கு வேற வீடும் பேசித் தரேன்.”

“மத்தவங்களுக்கு?”

“நான் என்ன தர்மசத்திரமா நடத்தறேன்?”

“அப்ப என் பேரும் வேணாம், உங்க வீடும் வேணாம்.”

அக்கா அவள் முழங்கையைக் கிள்ளினாள். “பொழைக்கத் தெரியாதவளே, உக்காருடி.”

“விசாரணையில நான் எழுந்து சொல்வேன் சார்.”

“சொல்லு. அப்புறம் இந்த ஊர்ல ஒருத்தனும் உனக்கு வேலை தர மாட்டான்.”

“தெரியும்.”

அந்தத் தூணில் செங்கல் இடுக்குக்குள் விரலை விட்டுப் பார்த்த அன்றே அவள் முடிவு செய்துவிட்டாள். இவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாமே என்றுதான் இன்று வாய் திறந்தது. அளவு நாடா அலுவலகத்துடையது; அதை அவர் எழுதிய பக்கத்தின்மேல் வைத்தாள். கைப்பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் நின்றிருக்க மாட்டாள்.