தேவயானி பெயர் ஒட்டிய குழாய்

பரிசோதனை முடிவு வந்த நாளிலிருந்து பாஞ்சாலைக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனைக்கும் கெட்ட முடிவு வந்தது அவளுக்கு இல்லை, அவள் ஓரகத்தி தேவயானிக்கு.

கிராம நர்ஸ் ரேணுகாதேவி மலையேறி வந்து, சாமை புடைத்துக்கொண்டிருந்த இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள். "தேவயானி, உனக்கு வைரஸ் கீதுன்னு வந்திருக்குது. பயந்துடாத, இது புத்துநோய் இல்ல. கண்டுக்காம உட்டா பின்னாடி கர்ப்பப்பை வாயில புத்துநோயா மாறலாம். அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு வா. டாக்டரம்மா பாத்துட்டு, தேவைன்னா அன்னிக்கே சூடு வச்சு சரிபண்ணி அனுப்பிடுவாங்க." பிறகு பாஞ்சாலை பக்கம் திரும்பினாள். "நீ பஞ்சுல எடுத்துக் குடுத்தது போதலையாம்க்கா. மறுபடியும் எடுத்துக் குடுக்கணும்."

தேவயானியின் கையிலிருந்த முறம் சரிந்து சாமை தரையெல்லாம் கொட்டியது. பாஞ்சாலை அதை அள்ளக்கூட எழவில்லை. ஏனென்றால், தேவயானி பெயர் ஒட்டிய குழாயில் இருந்தது தேவயானியுடையதே இல்லை. அது பாஞ்சாலையுடையது. உலகத்தில் இது பாஞ்சாலை ஒருத்திக்குத்தான் தெரியும்.

நடந்தது இதுதான். போன தடவை இந்தப் பரிசோதனைக்கு முகாம் போட்டு மேசையில் படுக்கச் சொன்னபோது, ஊரில் ஒரு பெண்ணும் எட்டிப் பார்க்கவில்லை. காட்டில் வேலை இருக்கிறது என்று காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். மேலிடத்துக்கும் ஒருவழியாகப் புத்தி வந்து, இந்த வருடம் முறையை மாற்றினார்கள். யாரும் படுக்க வேண்டாம், யாரும் பார்க்க மாட்டார்கள். பஞ்சு வைத்த குச்சியும் குழாயும் தருவோம், வீட்டிலேயே மறைவில் குச்சியை உள்ளே விட்டு நீங்களே எடுத்து, குழாயில் போட்டுக் கொடுங்கள் என்றார்கள். ரேணுகாதேவி வீடு வீடாக வந்து, பாஞ்சாலையிடம் பெயர் ஒட்டிய இரண்டு குழாயைக் கொடுத்து, "ஒண்ணு உனக்கு, ஒண்ணு தேவயானிக்கு. அவ தூரமா இருந்தா முடிஞ்ச பொறவு எடுக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

தேவயானிக்கு அன்று மாதவிலக்கு, தூரம்தான். ஊர்க்கோடியில் தூரமான பெண்கள் தங்கும் தனி வீட்டில் இருந்தாள். அந்த நாட்களில் அவள் வேலை முழுவதும் ஓரகத்தியின் தலையில் விழும். அவள் ஆட்டுக்குத் தழை ஒடிப்பது, அவள் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது, அவள் முறைக்குத் தண்ணீர் பிடிப்பது எல்லாம் பாஞ்சாலை. பாஞ்சாலை தூரமானால் எல்லாம் தேவயானி. இரண்டு பேரும் அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். அந்த ஓட்டத்தில் இந்தக் குழாயையும் பாஞ்சாலை தேவயானியின் வேலைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டாள். யோசிக்கவே இல்லை. அடுத்தவள் காரியமாயிற்றே என்று அதைப் பொறுமையாக, சொன்னபடி தன் உடம்பிலேயே எடுத்தாள். தன்னுடையதை, ஆடு கத்துகிறதே என்ற அவசரத்தில் பட்டும் படாமலும் முடித்துக்கொண்டாள். சாயந்தரம் இரண்டையும் நர்சிடம் கொடுத்தபோது, வேலை முடிந்த நிம்மதிகூட இருந்தது.

சாமை கொட்டிய அந்த நிமிடமே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. முதல் நாள் பயம் அடைத்தது. அப்படியானால் நோய் எனக்கா? மறுநாள் வெட்கம் வந்து சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் புதிதாக முளைத்தது.

தேவயானி புருஷன் சின்னதம்பி காவலூர் டீக்கடையில் யாரிடமோ எதையோ கேட்டுக்கொண்டு வந்தான். இந்த வைரஸ் ஆண் பெண் சேர்க்கையில் தொற்றுவதாம். அவனுக்கு அது போதும். வாசலில் நின்றே கத்தினான்.

"எங்கேந்துடி வந்துச்சு இது? எனக்கு ஒண்ணுமில்லியே. அண்ணி, நீயே கேளு அவள!"

தேவயானி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அழுதாள். பாஞ்சாலை வாசலுக்கு எழுந்து வந்தாள். "நர்சம்மா சொன்னாங்களே தம்பி, வருசக்கணக்கா உடம்புலயே தெரியாம கெடக்குமாம். யாருகிட்டேந்துன்னு யாராலயும் சொல்ல முடியாதாம்" என்றாள். வாய் அவ்வளவு தூரம் வந்ததே, இன்னும் ஒரு முழம் வந்தால் குறைந்தா போகும்? வரவில்லை. அன்று அவன் தேவயானி ஆக்கிய சோற்றைத் தொடவில்லை. பாஞ்சாலை களியும் குழம்பும் கொண்டுபோய், சாப்பிட மாட்டேன் என்றவளைக் கெஞ்சி ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் பாஞ்சாலைக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று மூவரும் பஸ் ஏறினார்கள். சின்னதம்பி முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டான். மலையடிவாரத்து ஒடுகத்தூர் வரும்வரை தேவயானி பாஞ்சாலையின் முந்தானையை விடவில்லை. "நான் செத்தா எம் புள்ளைங்கள நீ பாத்துக்குவியாக்கா?" என்று கேட்டாள். பாஞ்சாலை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆன்சி சின்ன வயசுக்காரி. நிதானமாகப் பேசினாள். திரைக்குப் பின்னால் மேசை. பக்கத்துத் தட்டில் ஒயரோடு ஒரு கருவி. அதன் முனையைக் காய வைத்துத்தான் சூடு வைப்பார்களாம். அதைப் பார்த்ததும் தேவயானி திரைப் பக்கம் பின்வாங்கினாள். அவளைப் படுக்கவைத்து, டாக்டர் கையுறை மாட்டினாள்.

"அக்கா, நீ இங்கியே நில்லு" என்றாள் தேவயானி.

"அவளுக்கு வேணாம்!" பாஞ்சாலையின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அவளுக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா. அந்தக் குழாய்ல இருந்தது என்னுது. அவ தூரமா இருந்தா. அவளுக்கும் சேத்து நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

டாக்டரின் கை நின்றது. தேவயானி எழுந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். அதை அவளால் மறைக்க முடியவில்லை. பாஞ்சாலை அதைப் பார்த்தாள். நியாயம்தான் என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் நெஞ்சு வலித்தது.

"அப்போ எனக்கில்லியா?"

"உங்களுக்கு இன்னும் டெஸ்ட்டே பண்ணலம்மா. புதுசா எடுத்துதான் பாக்கணும்" என்றாள் டாக்டர். தேவயானி காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். இறங்கிய பிறகுதான் பாஞ்சாலையை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த ஆளு என்னை இன்னா கேள்வி கேட்டாரு. நின்னு பாத்துக்கினு இருந்தியேக்கா."

பதிலுக்கு நிற்காமல் திரையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

பாஞ்சாலை மேசைமேல் ஏறிப் படுத்தாள். வெளியே தேவயானி உரக்க ஏதோ சொல்வதும், சின்னதம்பி "அண்ணியா?" என்று கேட்பதும் காதில் விழுந்தன. ஊருக்குப் போனால் தன் புருஷன் பஞ்சாட்சரமும் வாசலில் நின்று எங்கேந்துடி வந்துச்சு என்று கேட்பானா? கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் எதையோ தடவி, விளக்கைத் திருப்பி, வெகுநேரம் பார்த்தாள்.

"ஒரு இடத்துல மாற்றம் தெரியுது. சின்னதுதான். இப்பவே சூடு வச்சிடலாம், ஒரு நிமிஷ வேலை. அப்புறம் விடாம செக்கப்புக்கு வரணும். நல்ல நேரத்துல வந்திருக்கீங்க."

"வலிக்குமா?"

"கொஞ்சம். கூட யாரு வந்திருக்காங்க, கூப்பிடட்டுமா?"

யாரைச் சொல்வது? பாஞ்சாலை திரைப் பக்கம் பார்த்தாள். "யாருமில்ல. நீங்க பண்ணுங்க" என்றாள்.

கருவி மெல்ல இரையத் தொடங்கியது. அப்போது திரை விலகியது. தேவயானி உள்ளே வந்தாள். மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. மேசையின் தலைமாட்டில் நின்று, டாக்டரைப் பார்த்தாளே தவிர பாஞ்சாலையைப் பார்க்கவில்லை.

"உம் மூஞ்சியப் பாக்கவே புடிக்கல எனக்கு" என்றாள். "கையக் குடு."