புகைக்குள் நின்றவன்

அந்த ஆலையில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். அதற்குக் காரணம் ரேடியோ. அவள் கணவனுடைய தம்பி அவன். டேங்கர் லாரியிலிருந்து திரவம் இறக்குகிற வேலை. வாயைத் திறந்தால் மூடமாட்டான் என்பதால் வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஷிஃப்ட் பொறுப்பாளரான தன்னை ஆலைக்குள் மேடம் என்றுதான் கூப்பிடவேண்டும் என்று வீட்டில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். முதல் நாளே அத்தனை பேர் முன்னாலும், "மேடம் அண்ணி, வால்வைத் திறக்கவா?" என்றான். அப்புறம் ஓய்வுபெறப் போகிற ஃபிட்டர்கூட அவளுக்குக் கொழுந்தன் முறை ஆகிவிட்டார்.

அவர்கள் இறக்கிய திரவத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. டேங்கரின் விலாவில் பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடு என்று எழுதியிருக்கும். ஆட்கள் அதைத் தாகக்காரி என்பார்கள். பார்வைக்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும். ஆனால் தண்ணீருக்காக அலையும். காற்றில் ஈரம் பட்டாலே வெள்ளையாகப் புகையும். வியர்வை, எச்சில், கண்ணீர் என்று எங்கே ஈரமோ அங்கே போய் ஒட்டி, அமிலமாக மாறிச் சுடும். ஒரு வாளித் தண்ணீரில் விழுந்தாலோ உடனே கோபப்படாது. கனமான சரக்கு, அமுக்குணி மாதிரி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒன்றும் ஆகவில்லையே என்று நாம் குனியும்போது மொத்தமும் பொங்கிச் சீறும். இவ்வளவு பொல்லாத்தனமும் கடைசியில் போய்ச் சேரும் இடம் சாதுவானது. அதை வேறு ரசாயனங்களோடு சேர்த்துக் காய்ச்சினால் ஓர் எண்ணெய் கிடைக்கும். மெத்தைப் பஞ்சிலும் மின்கம்பி உறையிலும் அதைக் கலந்தால் அவை லேசில் தீப்பிடிக்காது.

"ஊர்ல நாலு வீடு எரியாம இருக்க நம்ம வயிறு எரியுது" என்பான் ரேடியோ.

அது நடந்த காலையில் வானம் மூடிக்கிடந்தது. காற்றின் திசை காட்டும் துணிப்பை, கம்பத்தில் செத்த வாத்துபோலத் தொங்கியது. இலை அசையவில்லை. டேங்கரிலிருந்து சேமிப்புத் தொட்டிக்குப் போகும் குழாயின் இணைப்பில் ஒரு வளையம் விட்டுப்போய், திரவம் கசிந்து கீழே தொட்டியைச் சுற்றிய தடுப்புச்சுவருக்குள் சொட்டத் தொடங்கியது. முதலில் ஃபிட்டருக்குத்தான் மூக்கில் நெடி ஏறியது. அண்ணி கட்டுப்பாட்டறையிலிருந்தே வால்வை மூடி, அபாய மணியை அழுத்தினாள். இரண்டு நிமிடத்துக்குள் எல்லோரும் வாசல் பக்கத்து மரத்தடியில் கூடிவிட்டார்கள். அவள் தலையை எண்ணினாள். ஒருவர்கூடக் குறையவில்லை. ரேடியோவும் இருந்தான், யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தான்.

திடீரென்று அவன் பேச்சு நின்றது.

"அண்ணி, தொட்டிக்குப் பின்னாடி ஒருத்தன் நிக்கிறான்."

"யாரும் இல்ல. எல்லாரும் இங்கதான் இருக்கோம்."

"கை ஆட்டுறான் அண்ணி. அங்க பாருங்க!"

அவள் திரும்பிப் பார்த்தாள். தொட்டிகளுக்கு நடுவில் தரையோடு தரையாக மெல்லிய மங்கல் படர்ந்திருந்தது. அதன் கோடியில், பின்சுவரை ஒட்டி, உண்மையிலேயே ஓர் ஆள் நின்றான். உடம்பு முழுக்க வெள்ளை. இரண்டு கை, இரண்டு கால், அகன்ற தோள். தலை இருக்கவேண்டிய இடத்தில் புகை சுருண்டுகொண்டிருந்தது. ஒரு கை மெல்ல ஆடியது. அந்த ஒரு கணத்தில் ரேடியோ ஓடிவிட்டான். முகமூடி இல்லை, கையுறை இல்லை.

"டேய்! நில்லுடா!" என்று அவள் கத்தினாள்.

மூச்சுக்கருவியை மாட்டிக்கொண்டு ஃபிட்டரும் இன்னொருவரும் கிளம்புவதற்குள் அவனே வெளியே வந்துவிட்டான். தனியாகத்தான் வந்தான். நாலைந்து இருமல், கண்ணில் நீர், வலது மணிக்கட்டைச் சுற்றிச் செக்கச்செவேல் என்று ஒரு வளையம். அவசரக் குளியல் குழாயடியில் நிறுத்தி, உடுப்பைக் களையவைத்து, வெகுநேரம் தண்ணீர் கொட்டினார்கள். அவன் பல்லைக் காட்டினான்.

"காலையில குளிக்கலன்னு வீட்டுல சொல்லிட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. ஆலையில் அவளுக்கு முதலில் பாடம் எடுத்தவர் சொன்னது அவளுக்கு மறக்காது: இதன் புகை நுரையீரலுக்குள் போனால் அன்று சாயங்காலம்வரை மனுஷன் நன்றாகவே இருப்பான். சாப்பிடுவான், வண்டி ஓட்டுவான். அதற்குப் பிறகுதான் உள்ளே நீர் கோக்கும். கரையில் உட்கார்ந்தபடியே மூழ்குவான்.

மாற்று உடுப்பு கொடுத்து அவனைக் காரில் ஏற்றினாள். அவன் வழியெல்லாம் முணுமுணுத்தான்.

"இருமல்கூட நின்னுபோச்சு அண்ணி. எதுக்கு ஆஸ்பத்திரி? அவங்க ஊசி குத்துறதுக்கு ஆள் தேடிக்கிட்டு இருப்பாங்க, நாமளே போய்த் தலையைக் கொடுக்கணுமா?"

"வாயை மூடிட்டு வா."

"அதுமட்டும் முடியாது. அந்த ஆளு என்ன ஆனான்? கையைப் புடிச்சேன். அவனும் என் கையைச் சுத்திப் புடிச்சான். ஜில்லுன்னு இருந்துச்சு, அப்புறம் சுட்டுது. இழுத்தா கை மட்டும் வருது, ஆளு வரல. எங்கயோ பாத்த மூஞ்சி அண்ணி. யாருன்னுதான் ஞாபகம் வரல."

"மூஞ்சியா? எனக்கு எதுவும் தெரியலயே."

"நீங்க தூரத்துல இருந்தீங்க."

மருத்துவமனையில் அவள் சொன்னதைக் கேட்ட டாக்டரம்மா மறுபேச்சுப் பேசவில்லை. விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, கட்டிலில் படுக்கவைத்து, "இன்னிக்கு ராத்திரி இங்கதான். எழுந்து நடக்கக்கூடாது" என்றார்.

மத்தியானம் ஃபிட்டர் போன் செய்தார். தரையைச் சுத்தம் செய்து, பின்சுவர்வரை போய்ப் பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

"ஆளு எவனும் இல்ல அண்ணி. அங்க ஒரு கம்பிக்கொடி கட்டி, வேலைக்குப் போடுற ஓவரால் ஒண்ணு காயப்போட்டிருக்கு. சொட்டச் சொட்ட ஈரம். புகை பூரா அதுலதான் போய் அப்பியிருக்கு. ஒரு கையைக் காணோம், தோளோட பிஞ்சு கீழ கிடக்கு. தொட்டா நனைஞ்ச காகிதம் மாதிரி வருது."

"யாரோடது?"

அவர் சற்றுத் தயங்கினார். "நம்ம ரேடியோவோடதுதான். கிரீஸ் கொட்டிடுச்சுன்னு காலையில அவனே அலசிப் போட்டான். அங்க காயப்போடாதேன்னு நானும் சொன்னேன்."

அவளுக்கு எல்லாம் புரிந்தது. மற்ற இடத்தில் கண்ணுக்குத் தட்டுப்படாத ஆவி, ஈரத் துணியைக் கண்டதும் வெள்ளையாகப் புகைந்து அதன் உருவத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறது. ஈரக்கை அவன் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு சுட்டிருக்கிறது. இதில் பேயும் இல்லை பிசாசும் இல்லை. ஆனாலும் ஒன்று மட்டும் முள்ளாக நின்றது. அந்தக் கை ஆடியதை அவளும் பார்த்தாள். ஒரு பொட்டுக் காற்றில்லாத காலையில் அதை ஆட்டியது எது?

வராந்தாவிலிருந்து திரும்பி வந்து அவனிடம் ஓவரால் விஷயத்தைச் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

"அப்போ என்னைக் காப்பாத்தத்தான் நான் போனேனா?"

"துணியைக் காப்பாத்தப் போன. பேசாம தூங்கு."

"அதான், எங்கயோ பாத்த மூஞ்சின்னு சொன்னேன்ல."

அவள் போர்வையை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

வெயில் சாயச் சாய அவன் வாக்கியங்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. ஐந்து சொல், பிறகு மூன்று. நடுவில் ஒரு மூச்சு. அவனுக்கே அது தெரியவில்லை, தெரிந்தது அவளுக்குத்தான். "தண்ணி வேணும்" என்றான். கொடுத்தாள். "இன்னும்" என்றான். இரண்டாவது தம்ளரைக் கையில் வாங்கியவன் குடிக்காமல் அதற்குள்ளேயே வெறித்துப் பார்த்தான்.

"உள்ள... சத்தம்... கேக்குது."

அவள் அவன் மார்பில் காதை வைத்தாள். அடுப்பில் உலை கொதிக்கத் தொடங்கும்போது பாத்திரத்தின் அடியில் எழுமே, அந்தச் சலசலப்பு. காலையிலிருந்து அமுக்குணியாக உட்கார்ந்திருந்தது இப்போது பொங்குகிறது. அவள் வராந்தாவுக்கு ஓடி, தொண்டை கிழியக் கத்தினாள். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்கள். டாக்டரம்மா தொண்டைக்குள் குழாயை இறக்கும்போது அதன் வழியே இளஞ்சிவப்பு நுரை ஏறி வந்தது.

பிறகு மூன்று நாள் ஒரு பெட்டி அவனுக்காக மூச்சு விட்டது. அவள் கணவன் வந்து தம்பியின் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். ரேடியோவின் மனைவி அழவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. "வாயை மூடுங்கன்னு தினமும் சொல்வேன் அக்கா. என் நாக்குல சனி" என்றாள். அண்ணி அவளைத் தோளோடு சேர்த்துக்கொண்டாள். தானும் அதைத்தான் காரில் சொன்னோம் என்பதை அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

அவன் பிழைத்தான். வீட்டுக்குக் கூட்டிவந்தபோது பாதி ஆளாக இருந்தான். மாடிப்படியில் ஏறுவதற்குள் மூன்று தடவை உட்கார்ந்தான். ஆலையில் அவனைக் கிடங்குக்கு மாற்றினார்கள். தொட்டிப் பக்கம் ஈரத்துணி கொண்டுபோகக்கூடாது என்று புது விதி போட்டார்கள். கம்பிக்கொடியை ஃபிட்டர் தன் கையாலேயே அறுத்தெறிந்தார்.

ஒருநாள் அவன் மனைவி சமையலறையில் அவளைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நிஜமாவே அங்க யாரும் இல்லையா? தூக்கத்துல, 'வந்துடு, வந்துடு'ன்னு கூப்பிடுறாரு. யாரைன்னு கேட்டா முழிக்கிறாரு."

"அது வெறும் துணிம்மா. நானே பாத்தேன்."

சொல்லிவிட்டாள். ஆனால் அன்று மாலை அவனருகே போய் உட்கார்ந்தபோது அவன் தானாகவே ஆரம்பித்தான். குரல் இன்னும் உமிபோலக் கரகரத்தது.

"நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் அண்ணி. காப்பாத்துன்னு கூப்பிடுறான்னு நெனச்சேன். இப்போ யோசிச்சுப் பாத்தா, கையை இப்படி ஆட்டல." உள்ளங்கையைத் தன் பக்கம் மடக்கிக் காட்டினான். பிறகு வெளிப்பக்கமாகத் தள்ளிக் காட்டினான். "இப்படித்தான் ஆட்டினான். வராதேன்னு."

எவ்வளவு யோசித்தும், அந்தக் கை எந்தப் பக்கம் அசைந்தது என்பது அவள் நினைவில் தெளியவில்லை.

குழாயையெல்லாம் மாற்றிய பிறகு முதல் டேங்கர் வந்தது. முழு உடுப்பும் மூச்சுக்கருவியும் மாட்டி அவளே கூட நின்று இறக்கினாள். புது இணைப்பில் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. இருந்தும் இறக்கி முடியும்வரை அவள் கண் பின்சுவரைவிட்டு அகலவில்லை. வெறும் சுவர், சிமெண்டில் ஒரு விரிசல், அவ்வளவுதான்.

ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோது ரேடியோ கிடங்கு வாசலில் காத்திருந்தான்.

"நல்லபடியா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

அவன் செருப்பு நுனியால் தரையைக் கீறினான். அக்கம்பக்கம் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அங்க யாராவது இருந்தாங்களா?"

"இல்லப்பா. யாரும் இல்ல."

அந்தப் பதிலில் அவன் முகம் தெளியும் என்று நினைத்தாள். தெளியவில்லை. ரயில் நிலையத்தில் எல்லோரும் இறங்கிப் போனபிறகும் தன் ஆளைக் காணாதவனைப்போல நின்றான். அவள் காரின் கதவைத் திறந்துவிட்டாள். அவன் ஏறி உட்கார்ந்து, ஆலையின் மதில் மறையும்வரை பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தான்.