வண்டி வராத ரோடு

பாத்திமுத்து நாற்காலியில் ஏறி நின்று அறை வாசலில் போர்வையைத் திரையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு முனையை ஆணியில் மாட்டினால் மறுமுனை அவிழ்ந்தது. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்த நூர்நிஷாவுக்கு, போர்வை விலகும்போதெல்லாம் கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்ற சைக்கிள் தெரிந்தது. முன்சக்கரம் கல்லுமாதிரி இருந்தது. பின்சக்கரம் தரையோடு அமுங்கிக் கிடந்தது. காலையில் அதற்குக் காற்றடிக்கக் குனிந்த புருஷன் மைதீன் பிறகு நிமிரவே இல்லை.

"இனி நாலு மாசம் பத்து நாள், இத்தா முடியுத வரைக்கும் அந்நிய ஆம்பள மொகத்துல முழிக்கக் கூடாது, தெரியும்லா?" என்றாள் பாத்திமுத்து. மைதீனின் அக்காள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தாலும் அதிகாரத்துக்குக் குறைச்சல் இல்லை.

"தெரியும் மைனி."

வெளியே குற்றாலம் ரோட்டில் வண்டிகள் ஹாரனை அழுத்திக்கொண்டு போயின. சீசன் நேரம். அருவியில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்ட ஜனமெல்லாம் வேன் பிடித்து இந்த வீட்டு வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். கூடத்தில் பெண்கள் யாசீன் ஓதுவது அந்தச் சத்தத்துக்குள் முங்கி முங்கி எழுந்தது.

நூர்நிஷா எதையும் தெரிந்துகொள்ளாமல் விடுகிற பொம்பளை இல்லை. எதிர்வீட்டு அடுப்பில் கொதிக்கிற ஆணத்தில் தேங்காய் அரைத்துவிட்டார்களா இல்லையா என்பதை வாசலில் நின்று மூக்காலேயே சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு, கட்டின புருஷன் வருஷா வருஷம் சைக்கிளைப் பொட்டலம் கட்டி ரயிலில் ஏற்றிக்கொண்டு இமயமலைக்கு எதற்குப் போகிறார் என்பது மட்டும் பிடிபடவில்லை. சவுதியில் ட்ரெய்லர் ஓட்டி ஓட்டி இடுப்பு ஒடிந்து வந்தவர், வந்த கையோடு சைக்கிள் வாங்கினார். ஊரே சிரித்தது.

"அங்கன என்னதான் இருக்கு?" என்று கேட்பாள்.

"ஒண்ணும் இல்ல. ஒரு மலை. சுரங்கம் வந்த பெறவு லாரியெல்லாம் அதுக்குள்ள போயிருது. மேல பழைய ரோடு சும்மா கெடக்கு. ஒரு வண்டி வராது."

ஒன்றும் இல்லாத இடத்துக்கு ஒரு மனுஷன் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு போவானா? வீட்டில் இருக்கும்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவார், அதுவும் தட்டைப் பார்த்து. மலைக்குப் போனதும் தினம் போன் வரும். எடுத்தால் மழைபோலப் பேச்சு. அதுதான் அவளுக்கு ஆத்திரம். நம்மை விட்டுத் தொலைந்தால்தான் இந்த மனுஷனுக்கு வாய் திறக்கிறது என்று நினைத்தாள். நேற்றுச் சாப்பிடும்போது, அடுத்த வாரம் மலைக்குக் கிளம்புவதாக அவர் சொல்லவும், "அங்கனயே இருந்துக்கிடுங்க, திரும்பி வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். மைதீன் கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இப்போது அது மனசைக் குடைந்தது. நிஜமாகவே நம்மை விட்டுப் போகத்தான் மலைக்குப் போனாரா? அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆளைக் கூடத்தில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள்.

மகள் ஜுஹைனா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "உம்மா, இசக்கிமணி மாமா வந்திருக்காங்க. வாப்பாகூட மலைக்குப் போவாங்கல்லா, குத்துக்கல்வலசை ஊர்க்காரங்க."

பாத்திமுத்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏட்டி, மௌத்து வீட்டுக்கு முட்டிக்கு மேல டவுசரப் போட்டுக்கிட்டு வந்து நிக்கானே!"

"புளியரைப் பக்கம் சைக்கிள்ல போயிட்டிருந்தாங்களாம். விவரம் தெரிஞ்சதும் அப்படியே திரும்பி வந்துட்டாங்க மாமி."

"வாப்பாவோட பச்சக் கட்டம் போட்ட சாரத்தக் குடு, சுத்திக்கிடட்டும்" என்றாள் நூர்நிஷா. அலமாரியில் அது எந்தத் தட்டில் இருக்கிறது என்பதையும் சொன்னாள். சொன்ன பிறகுதான், இனி அந்தச் சாரத்தை யாரும் தேடப் போவதில்லை என்பது உறைத்தது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழுகை ஓய்ந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள். "மைனி, நான் அந்தத் தம்பிகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"இத்தாவுல இருந்துக்கிட்டு அந்நிய ஆம்பளகிட்ட பேசுவியா? என்ன பேச்சு இது?"

"நான் மொகத்தப் பாக்கலியே. ஜுஹைனா கேக்கட்டும்."

பாத்திமுத்து யோசித்தாள். தன் தம்பியைப் பற்றித் தெரிந்துகொள்ள அவளுக்கும் ஆசைதான். "சரி, அவளே கேக்கட்டும்" என்று திரையை இழுத்துச் சரிசெய்தாள்.

சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார் இசக்கிமணி.

"கேளுட்டி, அங்கன என்ன இருக்குன்னு."

"மாமா, அங்கன என்ன இருக்குன்னு உம்மா கேக்காங்க."

கேள்வி முதல் தடவையே அவர் காதில் விழுந்திருக்கும். மரியாதைக்காக, ஜுஹைனா சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தார்.

"ஒண்ணும் இல்லக்கா" என்றார்.

ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று நூர்நிஷாவுக்கு எரிச்சலாக வந்தது. "பெறவு எதுக்குப் போனாராம்?"

"பெறவு எதுக்கு..." என்று ஜுஹைனா தொடங்குவதற்குள் அவர் சொல்லிவிட்டார். "பேசத்தான்கா."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான்."

பாத்திமுத்துவின் கையில் உருண்டுகொண்டிருந்த தஸ்பீஹ் மணி நின்றது.

"சவுதியில இருந்து பேசும்போதெல்லாம், வண்டிச் சத்தத்துல ஒண்ணும் விளங்கலன்னு நீங்க வச்சிருவீங்களாம்லா? அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. மலையில உச்சிக்குக் கொஞ்சம் கீழ ஒரு வளைவு, தினம் அங்கன ஏறிருவோம். அங்கன மட்டுந்தான் டவர் கிடைக்கும். போனதும், 'எலே, எல்லாரும் சைக்கிளப் படுக்கப் போடுங்கலே, சக்கரம் சுத்துத சத்தம்கூட கேக்கப்பிடாது, நூரு விளங்கலன்னு வச்சிருவா'ம்பாரு. காத்து எரைச்சல் உள்ள போகாம தொப்பியக் கழத்திப் போனப் பொத்திக்கிடுவாரு."

நூர்நிஷா திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தாள். "வீட்டுல பேசுனா என்ன தம்பி?" என்று நேராகவே கேட்டுவிட்டாள். பாத்திமுத்து தடுக்கவில்லை.

"நானும் கேட்டேன்கா. 'அவ முன்னால உக்காந்தா என்ன பேசன்னு தெரியலலே மணி. கல்யாணம் ஆனதுல இருந்து போன்லயே குடும்பம் நடத்திட்டேன். தூரமா நின்னாத்தான் வார்த்த வருது'ன்னாரு."

சாரல் சன்னல் கம்பியில் வழிந்தது. ஒரு வேன் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ஆனா என்ன பேச்சு பேசுவாருங்கீங்க!" இசக்கிமணிக்குத் துக்கத்துக்குள்ளும் சிரிப்பு வந்தது. "நாங்க அடுப்பு பத்த வச்சி, டீ போட்டு, குடிச்சி, டம்ளரக் கழுவி வைக்கித வரைக்கும் பேசுவாரு. போன வருசம் கண்ணத் தொடச்சிக்கிட்டே பேசுனாரு."

நூர்நிஷா போனை வைக்கிற தன் வலது கையைப் பார்த்தாள். போன வருஷம் முழுக்க அவள் கோபத்தில் இருந்தாள். மலையிலிருந்து போன் வந்தால், "சாப்டாச்சா? சரி, அடுப்புல வேல கெடக்கு" என்பாள். உடனே வைத்துவிடுவாள். ஒரு நாள்கூட அவர் அடுத்த வார்த்தை பேசக் காத்திருந்ததில்லை.

"என்ன பேசுனாரு?" என்று திரையோடு ஒட்டிக் கேட்டாள்.

இசக்கிமணி கொஞ்சம் தடுமாறினார். "அது உங்களுக்குத்தானக்கா தெரியும். நாங்க தள்ளிப் போய் நின்னுக்கிடுவோம். புருஷன் பொண்டாட்டி பேச்சுல்லா."

ஜுஹைனா உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். நூர்நிஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமா தம்பி" என்றாள். "பேசுவாரு. நெறையப் பேசுவாரு."

அஸர் தொழுகைக்கு முன்னால் மய்யித்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றினார்கள். ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, கடைசியாக முகம் பார்க்க நூர்நிஷாவைக் கூட்டிப்போனார்கள். கண்ணில் சுருமா இட்டு, வாய் திறக்காதபடி நாடியைச் சேர்த்துக் கட்டியிருந்தது. அந்த வாயையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திமுத்துதான் கையைப் பிடித்து அறைக்குக் கூட்டிவந்தாள்.

திரைக்கு வெளியே இசக்கிமணியின் குரல் கேட்டது. "அக்கா, தூக்கப் போறாங்க. ரோட்ட நாங்க பாத்துக்கிடுதோம்."

கலிமாச் சத்தத்தோடு சந்தூக்குப் பெட்டி வாசலைத் தாண்டியது. கூடத்தில் பெண்களின் அழுகை வெடித்தது. ஜுஹைனா சன்னலோரம் ஓடிக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். "உம்மா, வாப்பாகூட மலைக்குப் போறவங்க சைக்கிள எல்லாம் ரோட்டுக்குக் குறுக்க போட்டு மறிச்சிருக்காங்க. ரெண்டு பக்கமும் வண்டி நிக்கி."

ஒரு வேன்காரன் ஹாரனை அழுத்தினான். யாரோ அதட்டினார்கள். அது அடங்கியது. பிறகு ஒவ்வொரு வண்டியாக எஞ்சினை அணைப்பது கேட்டது. கலிமாச் சத்தம் பள்ளிவாசல் பக்கம் தேய்ந்து போனது. அழுதவர்களும் ஓய்ந்து, கூடம் மூச்சு விட்டது.

"ஏட்டி, அந்த ஃபேன நிறுத்து" என்றாள் நூர்நிஷா.

"புழுக்கமா இருக்கும்மா."

"கொஞ்ச நேரம் நிறுத்துட்டி."

ஃபேன் சுற்றிச் சுற்றி மெதுவாகி, கடைசியில் ஒரு முனகலோடு நின்றது. நூர்நிஷா சன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். முக்காட்டை விலக்கி, போன் பேசும்போது வைக்கிற வலது காதைச் சன்னல் கதவோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.