அமாவாசையில் கிளம்பாத கப்பல்

ஆந்திர எல்லையிலுள்ள நகரி ஊரில் எங்கள் கொட்டகையில் பதினாறு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், நானும் யஸ்வந்தும் விண்வெளிக்குப் போக மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அமாவாசை. அன்றைக்கு மட்டும்தான் தறிகள் நிற்கும். மற்ற நாட்களில் கம்ப்யூட்டரைப் போட்டால், திரையில் முழுசாக வெளிச்சம் வருவதற்குள் வோல்டேஜ் இறங்கி, அணைந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். சேலை பார்டருக்கு டிசைன் போடுவதற்காக என் நைனா, அதாவது அப்பா, பச்சையப்பன் வாங்கிவைத்த பழைய பெட்டி அது. டிசைன் போட வந்தவர் இரண்டே மாதத்தில் தறிச் சத்தம் தாங்காமல் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். பெட்டி எங்கள் இருவருக்கும் மிஞ்சியது.

யஸ்வந்த் என்னோடு படித்தவன். அவனுடைய நைனா எங்கள் பள்ளியில் தெலுங்கு வாத்தியார். அவன் வீட்டில் தெலுங்கு, என் வீட்டில் தமிழ். நாங்கள் பேசினால் ஒரு வாக்கியம் எதில் ஆரம்பித்து எதில் முடியும் என்று எங்களுக்கே தெரியாது. ஆங்கிலம் மட்டும் இரண்டு பேருக்கும் சமமாகத் தெரியாது. விளையாட்டோ முழுக்க முழுக்க ஆங்கிலம்.

அதன் பெயர் கேல்வோரா. ஓட்டை உடைசலான ஒரு விண்கலம், அதில் ஆறு பேர். அவர்களுக்கு நாமே பெயர் வைத்து, திறமைகளை ஏற்றி, கிரகம் கிரகமாகப் போய் மனிதர்களோடும் மனிதர்கள் அல்லாதவர்களோடும் பேசி, சண்டை போட்டு, கடைசியில் கேல்வோரா என்ற கிரகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்பது எங்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. நான்கு கைகள் உள்ள மெக்கானிக்குக்கு எங்கள் கொட்டகை ஃபிட்டர் அப்பாவுவின் பெயரை வைத்தோம். இரண்டு கையை வைத்துக்கொண்டே பதினாறு தறியைக் கட்டி மேய்க்கிற மனுஷனுக்கு நான்கு கை இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. காயத்துக்கு மருந்து போடுகிறவள் செல்லியம்மா, பள்ளிக்கூட வாசலில் மாங்காய் விற்றவள். கேப்டனுக்கு யார் பெயர் என்பதில் சட்டை கிழியச் சண்டை வந்து, இருவர் பெயரையும் வெட்டி ஒட்டி யஸ்கோ என்று வைத்தோம்.

யாராவது நம்மிடம் பேசினால் மூன்று பதில்கள் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படித்துப் புரிந்துகொள்ள வக்கில்லாததால் யஸ்வந்த் ஒரு சட்டம் போட்டான். எது நீளமான பதிலோ அதுதான் மரியாதையான பதில். விளையாடிய மூன்று வருடமும் அண்டம் முழுக்க நீளமான பதிலையே சொல்லிக்கொண்டு திரிந்தோம். ஊதா நிறச் செவுள் வைத்த வியாபாரி ஒருவன் எங்கள் மரியாதையில் மயங்கி எல்லாச் சாமானையும் சும்மாவே கொடுத்தான்.

யஸ்வந்த் போட்ட இன்னொரு சட்டம்தான் எங்களைக் கெடுத்தது. என் வீட்டில் அமாவாசை என்றால் நிறைந்த நாள். நைனா புதுத் தறி இறக்கினாலும் சைக்கிள் வாங்கினாலும் அமாவாசையில்தான். யஸ்வந்த் வீட்டில் அமாவாசையன்று எந்த நல்ல காரியத்தையும் ஆரம்பிக்க மாட்டார்கள், ஊர்ப்பயணம் வைக்க மாட்டார்கள். ஒரே தெருவில் இரண்டு பஞ்சாங்கம். நடக்கிற காரியத்தைத் தொடரலாம், புதுசாகத் தொடங்கக் கூடாது என்பது அவன் அம்மாவின் விதி. தன் நைனா அமாவாசையிலும் பள்ளிக்கூடம் போகிறார் அல்லவா, அதுபோல சின்னச் சின்ன சண்டையெல்லாம் தினப்படி வேலை என்று அவன் ஒத்துக்கொண்டான். ஆனால் கடைசிப் பயணம் வந்தபோது மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

“கேல்வோரா புது ஊருடா. குடி போற மாதிரி. இன்னிக்கி வேணாம்.”

“இன்னிக்கி வுட்டா என்னிக்கிடா? மத்த நாள்ல பொட்டியே எழுந்திரிக்க மாட்டேங்குது.”

“வேணாம்னா வேணாம்.”

எட்டு அமாவாசை. எட்டு அமாவாசையும் கேல்வோராவுக்கு முந்தின விண்வெளி நிலையத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தோம். அப்பாவுவுக்கு ஏற்ற வேண்டிய திறமையெல்லாம் ஏற்றியாயிற்று. செல்லியம்மா செத்தவனைக்கூடப் பிழைக்க வைப்பாள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பொறுமை கிடையாது. ஒன்பதாவது, ஆடி அமாவாசை. அவன் வடை தின்ன என் அம்மாவிடம் உள்ளே போயிருந்தபோது, ஏவுதல் பொத்தானை நான் அமுக்கிவிட்டேன்.

மூன்றே நிமிடம். கேடயத்தை இயக்கத் தெரிந்தவன் அவன், நானல்ல. கப்பல் சுக்குநூறாகச் சிதறியது. முன்பே சேமித்துவைத்திருந்த ஆட்டத்தைத் திறந்து நிலையத்துக்கே திரும்பி, ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்துகொண்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவனிடம் சொல்லவில்லை.

பதினோரு நாள் கழித்து அவனுடைய நைனா மார்வலியில் செத்துப்போனார்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. நான்தான் கொன்றேன் என்று நினைத்தேன். அப்படியே, ஒரு எழுத்துக் குறையாமல் அப்படியே நினைத்தேன். சாவு எடுப்புக்குப் போகவில்லை. பதினோராம் நாள் காரியத்துக்கும் போகவில்லை. ஜுரம் என்று போர்வைக்குள் கிடந்தேன். அந்த மாதமே அவன் அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திருப்பதியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். வளர்ந்து, இன்ஜினீயரிங் படித்து, புத்தூர் மின்வாரிய அலுவலகத்தில் உதவிப் பொறியாளராகி, ஒரு பொத்தானை அமுக்கி யாரும் சாக மாட்டார்கள் என்று புத்திக்கு உறைத்த பிறகும் கால் அவன் இருக்கும் பக்கம் போகவில்லை. நகரியிலிருந்து திருப்பதி என்ன, அமெரிக்காவா? ஒன்றரை மணி நேர பஸ்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. யஸ்வந்தின் மனைவி ரூபா. பள்ளித் தோழர்கள் குழுவில் என் எண்ணை வாங்கியிருக்கிறாள். அழுகையை அடக்கிக்கொண்டு தெலுங்கில் பேசினாள். யஸ்வந்துக்கு இதய வால்வு கெட்டுவிட்டது. சென்னையிலிருந்து வருகிற சர்ஜன் வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமை அமாவாசை. கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். இதை விட்டால் ஆறு வாரம் கழித்துத்தான் அவர் வருவார், அத்தனை நாள் தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

“யார் சொல்லியும் கேக்கல, அண்ணா. உங்களப் பத்தியும் அந்த கேமப் பத்தியும்தான் எப்பவும் சொல்வாரு. நீங்க சொன்னா ஒருவேளை...” என்றாள், என் தமிழுக்காகத் தானும் தமிழுக்கு மாறி.

அமாவாசையில் ஒன்றைத் தொடங்கி, அதன் பிறகு அவன் அப்பன் செத்த கதையை மடியில் கட்டிக்கொண்டிருக்கிறவன் நான். அது தெரிந்தால் அவன் ஜென்மத்துக்கும் கையெழுத்துப் போட மாட்டான். சொல்லக் கூடாது, எது நடந்தாலும் அதை மட்டும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். பழைய பெட்டியிலிருந்து கழற்றி பீரோவில் வைத்திருந்த ஹார்டு டிஸ்க்கைத் தேடி எடுத்து, கேல்வோராவை லேப்டாப்பில் ஏற்றினேன். வெறுங்கையோடு போய் அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

புதன்கிழமை நான்கு மணிக்குத் திருப்பதியில் அவன் ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்தேன். கால் வீங்கி, கன்னம் ஒட்டி, மூன்று தலையணையில் சாய்ந்திருந்தான். இருபத்திரண்டு வருடம் கழித்துப் பார்க்கிறவன் முதலில் சொன்னது இதுதான்.

“கரண்ட் ஆபீஸ்ல கீறியாமே. அப்பவே சேந்திருந்தா நமக்கு வோல்டேஜாவது கெடச்சிருக்கும்.”

சிரித்தேன். அழுகையும் வந்தது. லேப்டாப்பைத் திறந்து அவன் மடியில் வைத்தேன். அந்தத் தொடக்க இசை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டான். அப்புறம் நிலையம் வந்தது. கப்பல் வாசலில் அப்பாவு நான்கு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நேராக ஊதாச் செவுள் வியாபாரியிடம் போனோம். இப்போதுதான் ஆங்கிலம் வருகிறதே, எங்கள் மரியாதையான பதிலைப் படித்தோம். சாமானை எடுத்து வைக்காவிட்டால் உன் கப்பலைக் கொளுத்தி, உன் பிள்ளைகளைச் சுரங்கத்துக்கு விற்றுவிடுவேன் என்று இருந்தது.

“த்தூ. ரௌடிப் பசங்களாடா நாம?” என்று யஸ்வந்த் மூச்சு வாங்கச் சிரித்தான். நர்ஸ் வந்து அதட்டினாள். இத்தனை நாளில் இப்போதுதான் சிரிக்கிறார் என்று ரூபா அவளைச் சமாதானம் செய்து அனுப்பினாள்.

வேறு சேமிப்புகள் இருக்கின்றனவா என்று அவன் பட்டியலைத் திறந்தான். கை நின்றது. கப்பல் கிளம்பும்போது விளையாட்டு தானாகவே ஒரு சேமிப்பு போட்டுக்கொள்ளும் என்பது எனக்கு அன்றைக்கும் தெரியாது, ஹார்டு டிஸ்க்கை ஏற்றியபோதும் தெரியவில்லை. ‘கேல்வோரா, ஏவுதல்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. பக்கத்தில் அந்த ஆடி அமாவாசையின் தேதி.

“இது யாருடா? நாம கெளம்பவே இல்லியே.”

கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு முறை பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

“நான்தான்டா. நீ வடை துன்ன உள்ள போயிருந்த. ஆடி அமாவாச. அமுக்கிட்டேன். பதினோரு நாள்ல சார் போயிட்டாரு. நான்தான் காரணம்னு நெனச்சேன். அதான் வரல. மூஞ்ச காட்ட முடியல.”

ரூபா என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. கெடுத்துவிட்டேன், கூப்பிட்டதற்கு மொத்தத்தையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

யஸ்வந்த் லேப்டாப்பை மடியிலிருந்து தள்ளிவைத்தான். கோபமாகக் கேட்டான்.

“பைத்தியமாடா நீ? ஒரு பட்டன அமுக்கி எங்க நைனா சாவாரா? அவருக்கும் இதே வால்வுதான்டா. பரம்பரையா வர்றதுன்னு டாக்டரு இப்பதான் சொன்னாரு. ஒரு வருஷமா மாடி ஏற முடியாம மூச்சு வாங்கினு இருந்தாரு. மெட்ராஸ் போய்க் காட்டலாம்னு அம்மா சொல்லிக்கினே இருந்தா. ஆஷாட மாசம் போவட்டும், அமாவாச போவட்டும், நல்ல நாளாப் பாத்துப் போலாம்னு அவருதான் தள்ளிப் போட்டுக்கினே...”

அங்கே நிறுத்தினான்.

அவன் தன் வீங்கின காலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சின்னப் பையனைப் போல உதடு கோணியது.

“பதினோராம் நாள் வாசலயே பாத்துக்கினு இருந்தேன்டா,” என்றான். “நைனா போனது ஒரு துக்கம். நீ வராதது ஒரு துக்கம். வாத்தியார் இல்லாத வூட்டுப் பையனோட இனிமே எதுக்குன்னு நீ வுட்டுட்டன்னு நெனச்சேன். இத்தன வருஷமா அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்தேன்.”

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன், அது எனக்கே போதவில்லை.

யஸ்வந்த் ரூபாவிடம் திரும்பி, அந்தக் காகிதத்தை எடு என்று தெலுங்கில் சொன்னான். அவள் ஓடினாள், எங்கே அவன் மனம் மாறிவிடுமோ என்று. கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை என் பக்கம் நீட்டி எச்சரிப்பது போல ஆட்டினான்.

“பயம் போவல. அமாவாச அமாவாசதான், எங்கம்மா புள்ள நான். ஆனா உள்ள போறேன். நான் வெளிய வரும்போது நீ இங்க இருக்கணும். ஜுரம், கிரம்னு போர்த்திக்கினு படுத்தே, பாத்துக்கோ.”

வியாழக்கிழமை எட்டு மணிக்கு அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பத்து மணிக்கு நகரியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது என்று போன். லீவில் இருக்கிறேன் என்று சொல்லி போனையே அணைத்தேன், என் வேலையில் செய்யக் கூடாத காரியம். டீ குடிக்க ரூபா கூப்பிட்டாள், நான் எழுந்திருக்கவில்லை. இரண்டரை மணிக்கு சர்ஜன் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்று தலையசைத்தார். அன்று ஐசியூவில் ரூபாவை மட்டும் ஒரு நிமிடம் விட்டார்கள். மயக்கம் தெளியவில்லை, வாயில் குழாய் என்றாள். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னாள். போகவில்லை, வராந்தா பெஞ்சியிலேயே இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை குழாயை எடுத்த பிறகு உள்ளே போன ரூபா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“உங்களத்தான் கேக்கறாரு, அண்ணா.”

பச்சை அங்கியை மாட்டிவிட்டு உள்ளே விட்டார்கள். மார்பு முழுக்கக் கட்டு, மூக்கில் ஆக்ஸிஜன். கண்ணைத் திறக்கவில்லை. காலடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். இருக்கிறாயா என்று தெலுங்கில் கேட்டான்.

“உன்னாவாரா?”

“இங்கதான்டா கீறேன்,” என்றேன்.