செங்கல் அல்ல

ஐப்பசி பிறந்ததிலிருந்து எனக்கு வீட்டுக்குள் கால் தரிக்கவில்லை. தபால்காரன் பெருமாள்ராஜின் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். கேட்காவிட்டாலும் ஓடுவேன். வருவது மணியார்டரா, திரும்பி வந்த பார்சலா என்பதில் எங்கள் பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் சிவசைலம், அரிசி ஆலைக் கணக்குப்பிள்ளை வேலையை உதறிவிட்டுத் தொடங்கிய வியாபாரம் இது. உடன்குடியில் கருப்பட்டி வாங்கி, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பம்பாய்க்கு வி.பி.பி.யில் அனுப்புவோம். ஓலையில் சுற்றிக் காடாத் துணியில் வைத்துத் தைப்பது நான். அரக்கு வைத்து, விலாசம் எழுதித் தபாலாபீஸில் சேர்ப்பது அவர். பம்பாயில் இருக்கும் நம் பக்கத்து ஜனங்கள் பணத்தைக் கட்டிப் பார்சலை வாங்கிக்கொள்வார்கள். கட்டும் முன்னால் பிரித்துப் பார்க்கக் கூடாது, அது தபாலாபீஸ் சட்டம். ஐந்து வருஷமாக அந்தச் சட்டம் யாரையும் உறுத்தவில்லை. திருக்கார்த்திகைக் கொழுக்கட்டைக்கு எங்கள் கருப்பட்டிதான் வேண்டும் என்று தேடி எழுதுவார்கள்.

கட்டையில் போவான் ஒருத்தன் இதை மோப்பம் பிடித்துவிட்டான். 'ஸ்ரீவைகுண்டம் கருப்பட்டி, பாதி விலை' என்று தாராவி முழுக்க நோட்டீஸ் ஒட்டி ஆர்டர் பிடித்தான். எங்களைப் போலவே ஓலை, எங்களைப் போலவே காடாத் துணி. பணத்தைக் கட்டிப் பிரித்தவர்களுக்கு உள்ளே செங்கல். அவன் யார், எந்த ஊர்க்காரன் என்று இன்றுவரை தெரியாது. சம்பாதித்தது அவன், சந்தி சிரித்தது எங்களைப் பார்த்து.

ஐந்து வருஷமாக எங்களிடம் வாங்கும் ஹெப்சிபா டீச்சர், பம்பாயிலிருந்து எங்கள் எதிர்த்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கு உங்களத் தெரியும் அக்கா. எங்க வீட்டுக்காரருதான் பிரிச்சுக் காட்டாம பணம் தரமாட்டேங்காரு."

"பிரிக்க விடமாட்டாங்களே, டீச்சர்."

"அதான் அக்கா, இந்த வருஷம் வேண்டாம்."

ஐந்து வருஷம் தின்ற வாய் சொல்கிறது! போனை டொக்கென்று வைத்தேன்.

ஆர்டர் தந்தவர்களுக்காவது கார்த்திகைச் சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் பிழைத்தோம். அதுவும் திரும்பினால் அவர் பழையபடி ஆலை முதலாளி முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். அந்த நினைப்பே அவரைத் தின்றது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவார், எழுந்து போய்ப் பார்சல்களை எண்ணுவார்.

ஒரு நாள் தபாலாபீஸுக்குப் போய்வந்தவர் முகத்தில் வெளிச்சம்.

"ஏட்டி, ஒரு காரியம் பண்ணிட்டேன். இனிமே ஒரு பய சந்தேகப்பட மாட்டான்."

"என்ன பண்ணினிய?"

"எல்லாப் பார்சல்லயும் விலாசத்துக்கு மேல பெருசா எழுதிட்டேன். 'அசல் கருப்பட்டி. செங்கல் அல்ல.'"

தலையில் அடித்துக்கொண்டேன். "எங்கப்பன் குதிருக்குள்ள இல்லன்னானாம்! செங்கல மறந்தவனுக்கும் நீங்களே ஞாபகப்படுத்தி அனுப்பிட்டியளே!"

"உண்மையத்தானே எழுதுனேன்?"

"உண்மைய யாரு கேட்டா? ஓடுங்க, அந்தப் பார்சல வாங்கிட்டு வாங்க."

ஓடினார். மத்தியானத் தபால் வண்டி அதற்குள் போய்விட்டது.

கார்த்திகைக்கு முன்னாலேயே பார்சல்கள் திரும்ப ஆரம்பித்தன. ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் 'வாங்க மறுத்துவிட்டார்'. அடைமழை வேறு. ஈரம் ஏறி, துணிக்கு வெளியே கருஞ்சாறு கசிந்தது. வீடு முழுக்க எறும்பு.

கடைசி மூட்டையைப் பெருமாள்ராஜ் நனைந்துகொண்டே கொண்டுவந்து இறக்கினான். வாரத்தில் பாதி நாள் என் கையால் காப்பி குடிக்கிறவன். வெறுங்கையோடு அனுப்ப மனசு வராமல் ஒரு பார்சலை எடுத்து நீட்டினேன்.

"வீட்டுக்குக் கொண்டு போடே. பிள்ளைகளுக்குக் கொழுக்கட்டைக்கு ஆகும்."

வாங்கினான். கையில் தூக்கிப் பார்த்தான். காதோரம் வைத்து ஒரு ஆட்டு ஆட்டினான்.

"தப்பா நெனைக்காதிய அக்கா. இங்கனயே பிரிச்சுத் தந்துருங்களேன்."

"என்னலே சொல்லுத?"

"ஊரே ஒரு மாதிரி பேசுது. நான் நம்பல. ஆனா வீட்டுல கேப்பா."

என் கண்ணில் தீப்பொறி பறந்தது. தையலைப் பல்லால் கடித்து இழுத்து, ஓலையைக் கிழித்து, அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன். கருப்பட்டி பளபளவென்று இருந்தது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஏதோ சமாதானம் சொல்ல வந்தான், நான் கேட்கவில்லை. விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தேன். என் வாசலில் நின்று, என் கையால் கொடுத்ததை! ஆத்திரம் ஆறவில்லை.

திரும்பி வந்தபோது அவன் போயிருந்தான். என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து, பிளேடால் ஒவ்வொரு பார்சலாகக் கீறிக்கொண்டிருந்தார். ஓலையை விலக்குவார், பார்ப்பார், ஒதுக்கி வைப்பார். அடுத்ததை எடுப்பார்.

"என்ன பாக்கிய?"

"ஈரம் ஏறியிருக்கான்னு..."

"ஈரம் வெளியவே ஒழுகுதே. அதுக்கு எதுக்கு ஓலையப் பிரிக்கிய?"

அவர் நிமிரவில்லை. அவர் தேடுவது செங்கலை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கட்டினவள் நான், தைத்தவள் நான். இருபது வருஷம் இந்த மனுஷனுக்குச் சோறு போட்ட கை இது.

சுவரோரமாக ஒரு பார்சல் பிரிக்காமல் கிடந்தது. எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"இதையும் பாத்துருங்க."

வேண்டாம் என்று தள்ளிவிடுவார் என்று நின்றேன்.

அவர் அதைத் திருப்பி, தையல் இருக்கும் பக்கமாக வைத்து, பிளேடை எடுத்தார்.