சிப்பாய் சவரிநாதனின் பதக்கம்

ஃபிளெக்ஸை அடித்துத் தொங்கவிட்ட பிறகுதான் என்னிடம் கேட்க வந்தார்கள். எங்கள் மாதா கோயில் திருவிழாக் கமிட்டிக்கு அவ்வளவுதான் மூளை.

"1886 பர்மா சண்டையில் வீரப்பதக்கம் வென்ற நம் ஊர் மாவீரர் சிப்பாய் சவரிநாதன்" என்று இலுப்பூர் ரோட்டில் ஆளுயரத்துக்கு எழுத்து. மாதா சப்பரத்துக்கு முன்னால் அந்தப் பதக்கம் வெல்வெட் துணியில் பவனி வருமாம். சவரிநாதன் என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா. அவருடைய வெள்ளிப் பதக்கத்துக்கு வளையம் வைத்து, எங்கள் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கழுத்தில் போட்டுக்கொள்கிறோம். இப்போது என் கழுத்தில் கிடக்கிறது.

கமிட்டித் தலைவர் லியோன் மேலத்தெருக்காரர். எங்கள் கீழத்தெருவுக்கு அன்றுதான் முதன்முதலாக வந்தார், அதுவும் வாசலோடு நின்றுகொண்டார். டீ கொடுத்தேன், சுகர் இருக்கிறதென்றார். போன வாரம் கடைத்தெருவில் ஜாங்கிரி தின்றவர்தான். பதக்கத்தைக் கேட்டார். இந்த வருஷமாவது சப்பரம் எங்கள் தெருவுக்கு வருமா என்று கேட்டேன். தெரு குறுகல், கரண்டு வயர் தாழ்வு என்று இழுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மணல் லாரி வந்துபோகிற தெருவில் மாதா வர முடியாதா? வயரைச் சொல்லாதீர்கள், சாதியைச் சொல்லுங்கள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். மனிதர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

திருவிழா அன்று சாயங்காலம் நாலு மணி. சப்பரம் வழக்கம்போல எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போகப் பார்த்தது. நானும் தெருப் பெண்களும் ரோட்டின் குறுக்கே போய் நின்றோம். பதக்கத்தைச் சேலைக்கு மேலே எடுத்துப் போட்டிருந்தேன். பேண்டு நின்றது. லியோன் வியர்த்து வழிய ஓடிவந்தார்.

"ஏம்மா ஃபெமினா, மாதாவையே மறிக்கிறியா?"

"மறிக்கலண்ணே, கூப்பிடுறோம். வழி இங்கிட்டு இருக்கு."

கூட்டத்தில் யாரோ போலீஸ் என்றார்கள். வரட்டும் என்று இருந்தேன்.

"எவ்வளவு நேரம் நிப்பீங்கன்னு பாக்குறேன்" என்றார் லியோன்.

"எங்க தாத்தா பர்மாவுல ஒரு பாலத்த விட்டு நகர மாட்டேன்னு ரெண்டு நாள் நின்னாரு. அதுக்குத்தாண்ணே இதக் குடுத்தாங்க. ஃபிளெக்ஸ் அடிச்ச ஒங்களுக்கு அது தெரியாதா?"

சப்பரம் தூக்கியவர்களுக்குத் தோள் கடுத்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மாதாவை எங்கள் தெருமுனையிலேயே இறக்கி வைத்தார்கள். நாங்கள் நகரவில்லை.